பெயர், நட்சத்திரம்

அர்ச்சனைச் சீட்டில் மூன்றே கோடுகள்:
பெயர். நட்சத்திரம். ராசி.
முதல் கோட்டில் மலேசியா என்று எழுதிவிட்டேன்.
இரண்டாவதில் பேனா நின்றுவிட்டது.

பிறை. ஆகஸ்ட் முப்பத்தொன்று, காலை ஏழரை.
தொழிற்பேட்டை தெரியவில்லை, பாலம் தெரியவில்லை.
சுமத்ராவில் எரிகிற காடு
நம் கோபுரத்தின் இரண்டாம் நிலை வரை இறங்கியிருக்கிறது.
சாம்பிராணிச் செலவு மிச்சம் என்றேன்.
சிரித்தார்களா தெரியாது, எல்லாரும் முகக்கவசத்தில்.

"பிறந்த நாளைப் போட்டுப் பாரும்மா, நட்சத்திரம் வந்துரும்,"
கைப்பேசியை நீட்டுகிறார் பொருளாளர் தவசீலன்.
எந்தப் பிறந்த நாள்?
இன்றா, செப்டம்பர் பதினாறா?
"ரெண்டுக்கும் எழுது. பத்து வெள்ளி."

நட்சத்திரம் தெரியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு,
பெயரின் முதல் எழுத்து. ம என்றால் மகம்.
ஒன்றும் வேண்டாதவர்களுக்கு இன்னொரு வழி.
காசை வைத்து, பெயர் கேட்டால் தலையாட்டி,
"சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று நகர்ந்துவிடுவார்கள்.
வாரத்துக்கு இரண்டு பேர் தேறும்.
அதைச் சொல்லிப் பார்த்தேன்.
"நாட்டுக்குன்னு நோட்டீஸ் அடிச்சாச்சு" என்றார்.

பன்னிரண்டு வருடமாக இந்தச் சன்னல்.
என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.
யாருக்கு என்று தெரியும்.
மகனுக்கு. மகளுக்கு. ஒருமுறை
நட்சத்திரக் கோட்டில் லாரி நம்பர் எழுதியிருக்கிறேன்.
யாரையும் சுயநலக்காரர் என்று நினைத்ததில்லை.
இவள் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால்
எவள் மகளுக்கோ கிடைக்காது.
அது சீட்டின் பின்பக்கம்.
அங்கே கோடு அச்சடிப்பதில்லை.

நாட்டுக்கு என்னும்போது மட்டும் ஏன் உறுத்துகிறது?
என் அட்டை சிவப்பு என்பதாலா?
சுங்கை பாக்காப்பில் பிறந்தேன், பதியாமல் விட்டார்கள்.
மூன்று விண்ணப்பம்,
காரணம் எழுதாத மூன்று கடிதம்.
தன்னுடையது என்று சொல்ல முடியாத ஒன்றுக்காக
வேண்டுவது எப்படித் தன்னலமாகும்?
இப்படி ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன்.
முழுதாக நம்புவதில்லை.
அட்டை நீலமாகட்டும் என்று
வெள்ளிக்கிழமைதோறும் பூ வைக்கிறவள்தானே நானும்.

குருக்கள் வந்துவிட்டார். திருவிடைமருதூர்க்காரர்.
பெர்மிட் நவம்பரில் முடிகிறது.
வந்த புதிதில் சங்கல்பத்தில்
பரத கண்டே என்று இழுத்துவிட்டு
பாதியில் நாக்கைக் கடித்துக்கொள்வார்.
இன்று கேட்கிறார்:
"தமிழ்ல ஒரு வரி சொல்லணுமாம்.
எங்க நாடு நல்லா இருக்கணும்னா, நம்ம நாடுன்னா?"
"எல்லாம் ஒண்ணுதான் சாமி" என்றார் தவசீலன்.

ஒன்றில்லை.
எங்கள் என்றால் கேட்கிறவர் வெளியே.
கருவறையில் நிற்கிறவளும் வெளியே.
நம் என்றால் அவளுக்கும் இங்கே
ஒரு முகவரி, ஒரு தண்ணீர் பில்,
இந்தப் புகையில் ஒரு இருமல்.
மலாய்க்காரர்களும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்:
காமி. கீத்தா.
பதிவிலாகாவில் அந்தப் பெண்
காமி தெரியப்படுத்துவோம் என்றாள்.
இலக்கணப்படி சரிதான்.

"நம்ம" என்றேன்.
"நானும் சேர்த்தியா அதுல? நவம்பர் வரைக்குமா?"
பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

மகம், சிம்மம் என்று எழுதிச் சீட்டைக் கிழித்தேன்.
நோட்டீஸில் இரண்டாவது வரி, மழை வேண்டி.
இந்தப் புகை அடங்க
மழை பெய்ய வேண்டிய இடம் கடலுக்கு அந்தப் பக்கம்.
அதை நோட்டீஸில் யாரும் போடவில்லை.

திருப்பி, கோடில்லாத பக்கத்தில்
சுமத்ரா என்று எழுதினேன். சு என்றால் சதயம்.
ஐந்து வெள்ளி என் பையிலிருந்து.
பெரிய மனசு என்று நினைக்க வேண்டாம்.
எனக்கு மூச்சு வாங்குகிறது.